அடிமாட்டு விலை: பழைய காரைக் கழிக்கும் வழக்கத்தின் வரலாறு

பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கச் சென்றவர்கள் திரும்பி வந்து சொல்லும் சொல் ஒன்று உண்டு: 'அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள்.' உழைத்து ஓய்ந்த மாட்டை இறைச்சிக்கு விற்கும்போது அதன் குணத்துக்கும் உழைப்புக்கும் விலை கிடையாது. பத்து ஆண்டுகள் குடும்பத்தைச் சுமந்த வண்டியை, காலம் தவறாமல் ஆயில் மாற்றி, நிழல் பார்த்து நிறுத்திக் காப்பாற்றிய வண்டியை, யாரோ ஒருவர் இரண்டு நிமிடம் சுற்றிப் பார்த்து ஒரு தொகை சொல்லும்போது உரிமையாளருக்கு உண்டாகும் மனக்குறையை இச்சொல் சரியாகவே பிடித்துவிடுகிறது.

அந்தத் தொகையை நாம் வண்டியைப் பற்றிய மதிப்பீடு என்றே எடுத்துக்கொள்கிறோம். மனம் புண்படுவதற்கும் அதுவே காரணம். ஆனால் இவ்வழக்கத்தின் வரலாற்றைப் புரட்டினால், அத்தொகை வண்டியை மட்டும் பொறுத்ததாக இருந்த காலம் மிகக் குறைவு என்பது தெரிகிறது. புதிய வண்டியின் விலை, தவணைக் கடன், தொழிற்சாலை விதித்த விற்பனை இலக்கு ஆகியவற்றோடு சேர்ந்தே அது எப்போதும் பிறந்திருக்கிறது. வழக்கம் வேரூன்றி வளர்ந்த நாடு அமெரிக்கா. அதன் நூறாண்டுக் கதையைத் தெரிந்துகொள்வது, குறைந்த விலை கேட்கப்படும்போது என்ன செய்யலாம் என்ற கேள்விக்கும் ஓரளவு விடை தரும் என்று கருதுகிறோம்.

*

கதையைக் குதிரையிலிருந்து தொடங்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நகரங்களின் பெரிய கடைகள் பேரம் பேசும் வழக்கத்தைக் கைவிடத் தொடங்கியிருந்தன. பிலடெல்பியாவில் ஜான் வானமேக்கரின் கடை போன்றவற்றில் பொருளின்மேல் விலைச்சீட்டு தொங்கியது. யார் வந்தாலும் ஒரே விலை. ஆனால் குதிரைச் சந்தையில் அந்த மாற்றம் நிகழவில்லை. குதிரை வாங்குவதும் மாற்றுவதும் ஆண்களின் சாமர்த்தியப் போட்டியாகவே நீடித்தன. வாங்குகிறவன் பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பான். விற்கிறவன் பல்லை அராவி வயதைக் குறைப்பான். ஏமாந்தால் அது ஏமாந்தவன் பாடு. நம் மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு அதனடியில் விரல்களைப் பிடித்து விலை பேசும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்த உலகம் அந்நியமாகத் தோன்றாது. விலை என்பது இருவருக்கு மட்டும் தெரிந்த இரகசியம்.

குதிரைக்குப் பதிலாகக் கார் வந்தபோது அதனுடன் இந்தப் பழக்கமும் வந்து சேர்ந்தது. ஸ்டீவன் கெல்பர் என்ற வரலாற்றாய்வாளர் 2008-இல் எழுதிய நூலுக்கு 'கார் யுகத்தில் குதிரைப் பேரம்' என்ற பொருள்படவே தலைப்பிட்டிருக்கிறார். மற்றப் பொருள்களெல்லாம் ஒரே விலைக்கு மாறிய பிறகும் கார் மட்டும் பேரத்துக்குரியதாக நின்றதற்கு, அது குதிரையின் வாரிசாகக் கடைக்கு வந்ததே காரணம் என்பது அவர் கருத்து. இதில் நாம் சேர்த்துச் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. வாங்குகிறவரே தம் பழைய பொருளை விலையின் ஒரு பகுதியாகக் கொண்டுவரும் வணிகத்தில் ஒரே விலை என்பது எளிதில் சாத்தியமாவதில்லை. புதியதற்கு விலைச்சீட்டு தொங்கவிடலாம். கடைக்குள் ஓட்டிவரப்படும் பழையதற்கு யார் சீட்டு எழுதுவது?

*

தொடக்கத்தில் இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரியவில்லை. 1908-இல் வெளிவந்த ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' காரை வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அதுவே முதல் கார். கழிப்பதற்குப் பழையது இல்லை. 1908-இல் 850 டாலராக இருந்த அதன் விலை குறைந்துகொண்டே வந்து, 1920களின் நடுவில் மிக எளிய வகைக்கு 260 டாலர் என்ற நிலையை எட்டியது. அமெரிக்காவில் பதிவான பயணிகள் கார்கள் 1920-இல் சுமார் 80 லட்சம். 1929-இல் சுமார் 2 கோடியே 30 லட்சம். இந்தப் பத்தாண்டுக்குள் சந்தையின் இயல்பே மாறியது. கார் இல்லாதவருக்கு விற்பது போய், கார் வைத்திருப்பவருக்கு அடுத்த காரை விற்பது தொழிலாயிற்று.

இந்த மாற்றத்தைத் தெளிவாக உணர்ந்தவர் 1923-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவரான ஆல்ஃபிரட் ஸ்லோன். பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்று நூலில், 1920களின் கார் சந்தையை உருமாற்றியவை என அவர் நான்கைக் குறிப்பிடுகிறார்: தவணை முறை, பழைய காரைக் கழித்துக்கொள்ளும் முறை, மூடிய கூண்டு கொண்ட கார், ஆண்டுதோறும் புதிய மாதிரி. இவை நான்கும் தனித்தனியானவை போலத் தோன்றினாலும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஆண்டுதோறும் புதிய மாதிரி வந்தால் கையிலுள்ள வண்டி ஓடும் நிலையில் இருக்கும்போதே பழையதாகிவிடும். பழையதாகிவிட்டதைக் கழித்துக்கொண்டால் அதுவே முன்பணமாகும். மீதிக்கு 1919-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தொடங்கிய கடன் நிறுவனம் தவணை தரும்.

ஹென்றி ஃபோர்டு இதற்கு எதிர்த்திசையில் நின்றார். கடன் வாங்குவதை அவர் விரும்பவில்லை. 1923-இல் வாரம் 5 டாலர் சேமித்து, முழுத் தொகை சேர்ந்த பிறகு கார் வாங்கும் திட்டத்தை அவரது நிறுவனம் அறிவித்தது. அது எடுபடவில்லை. பழைய ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஒன்றையே 'மாடல் டி'யின் விலைக்கு வாங்க முடிகிறபோது, வெறும் எளிமைக்காகப் புதிய 'டி'யை வாங்குவோர் குறைந்தனர். ஏறத்தாழ 1 கோடியே 50 லட்சம் கார்களுக்குப் பிறகு, 1927 மே மாதத்தில் அதன் உற்பத்தி நின்றது. மறு ஆண்டே ஃபோர்டும் கடன் நிறுவனம் தொடங்கினார். 'மாடல் டி'யின் வீழ்ச்சியில், வேறு நிறுவனங்களின் புதிய கார்களுக்கு இருந்த பங்கு பேசப்படும் அளவுக்குப் பழைய கார்களுக்கு இருந்த பங்கு பேசப்படுவதில்லை.

*

இந்த ஏற்பாட்டின் சுமை விழுந்த இடம் விற்பனை முகவரின் தோள். தொழிற்சாலை புதிய கார்களைக் காசுக்குத் தள்ளிவிடும். இத்தனை விற்றாக வேண்டும் என இலக்கும் வைக்கும். பழைய கார்களோ முகவரின் முற்றத்தில் சேரும். பக்கத்துத் தெரு முகவர் 200 டாலர் தருவதாகச் சொன்னால் இவர் 225 சொல்ல வேண்டும். பழைய வண்டிக்குக் கூடுதலாகக் கொடுத்ததைப் புதிய வண்டியின் இலாபத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும். அன்றைய முகவர்களின் ஓயாத புலம்பல் குறைந்த விலையைப் பற்றியதன்று. கூடுதல் விலையைப் பற்றியது. இன்று நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம்.

தேங்கிய பழைய கார்களை என்ன செய்வது? அவற்றை உடைத்துப் போடுவதற்கே பணம் கொடுக்கும் திட்டத்தை 1930-இல் தயாரிப்பாளர் சங்கம் 'நெடுஞ்சாலைப் பாதுகாப்பு' என்ற பெயரில் கொண்டுவந்தது. பெருமந்தம் முற்றிய நிலையில், 1933-இல் ரூஸ்வெல்ட் அரசின் தொழில் மீட்புச் சட்டத்தின்கீழ் கார் சில்லறை வணிகத்துக்கென ஒரு விதித்தொகுப்பு வகுக்கப்பட்டது. பழைய காருக்கு முகவர் இவ்வளவுக்கு மேல் கழிவு தரக்கூடாது என அது உச்சவரம்பு விதித்தது. அதே ஆண்டில் தேசிய முகவர் சங்கத்தின் விலைக் கையேடும் வெளிவரத் தொடங்கியது. அதாவது, பழைய காருக்குக் குறைவாக விலை தரவேண்டும் என்பதே சில காலம் அமெரிக்காவில் சட்டமாக இருந்தது. 1935-இல் உச்சநீதிமன்றம் அந்த மீட்புச் சட்டத்தைச் செல்லாதென்று தீர்ப்பளித்தபோது இவ்வரம்பும் போயிற்று. கையேடு மட்டும் நிலைத்தது.

அதற்கும் முந்தைய கையேடு ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் பழைய கார் வணிகம் செய்துவந்த லெஸ் கெல்லி, எந்த வண்டியை என்ன விலைக்கு வாங்கத் தயார் என்ற பட்டியலை மற்ற வணிகர்களுக்கும் வங்கிகளுக்கும் அனுப்பி வந்தார். 1926-இல் அது 'புளூ புக்' என்ற பெயரில் நூலாயிற்று. அடுத்த 67 ஆண்டுகள் அந்நூல் தொழிலில் உள்ளவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. முகவரிடம் இருந்தது, கடன் தரும் வங்கியிடம் இருந்தது, காப்பீட்டு நிறுவனத்திடம் இருந்தது. வண்டியின் உரிமையாளரிடம் இல்லை. மேசைக்கு அந்தப்பக்கம் இருப்பவர் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார். இந்தப்பக்கம் இருப்பவர் ஆசையைப் பார்த்துப் பேசுகிறார். மாட்டுச் சந்தைத் துண்டின் இடத்தை இங்கே அந்தப் புத்தகம் பிடித்துக்கொண்டது எனலாம்.

*

கழிவுத் தொகை வண்டியை மட்டும் பொறுத்ததன்று என்பதற்கு, இரண்டாம் உலகப் போரை ஒட்டிய பத்துப் பதினைந்து ஆண்டுகளைவிடத் தெளிவான சான்று இல்லை. 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. போர் முடிந்தபோது புதிய காருக்கு ஏங்கிக் காத்திருந்தவர்கள் ஏராளம். வண்டிகளோ மிகக் குறைவு. புதிய காரின் விலைக்கு அரசின் கட்டுப்பாடு இருந்தது. முகவர் அதைக் கூட்ட முடியாது. ஆனால் பழைய காருக்குக் குறைத்துக் கேட்கலாமே! பழைய வண்டியை மிக மலிவாக விட்டுக்கொடுப்பவருக்கே புதிய வண்டி கிடைக்கும் என்ற நிலை பரவலாயிற்று. அங்கே சொல்லப்பட்ட குறைந்த விலை, உண்மையில் புதிய காருக்கு மேசைக்கடியில் கொடுத்த கூடுதல் விலை.

1950களில் காற்று எதிர்த்திசையில் வீசியது. தொழிற்சாலைகள் கார்களைக் குவித்தன. இப்போது முகவர்கள் புதிய காரின் விலையில் நூறு, இருநூறு டாலரை ஏற்றிவைத்துவிட்டு, பழைய காருக்கு அதே தொகையைத் தாராளமாகக் கூட்டிக் கொடுத்தார்கள். நம் வண்டிக்கு இவ்வளவு மதிப்பா என்று மகிழ்ந்தவர் தம் பணத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தார். இதைத் தடுக்க, ஓக்லஹோமா மாநிலத்தின் செனட்டர் மைக் மன்ரோனி முயன்று 1958-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் விலை ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது அச்சட்டம். அந்தச் சீட்டுக்கு அமெரிக்காவில் இன்றும் அவர் பெயர்தான். ஒரு பக்கத்து விலை வெளிச்சத்துக்கு வந்தது. பழைய காரின் விலை இருட்டிலேயே இருந்தது.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். புதிய காரின் விலை 10 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். ஒரு முகவர் தள்ளுபடி ஏதும் தராமல் பழைய காருக்கு 3 லட்சம் தருகிறார். இன்னொருவர் 60,000 ரூபாய் தள்ளுபடி தந்து, பழைய காருக்கு 2,40,000 தருகிறார். இரண்டிலும் கையிலிருந்து போவது 7 லட்சம்தான். முதல் முகவரிடம் நம் வண்டி மதிக்கப்பட்டது, இரண்டாமவரிடம் அவமதிக்கப்பட்டது என்று கருதுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. ஆனால் மூன்றாமவர் ஒருவர் தள்ளுபடியும் தராமல் 2,40,000-க்குக் கேட்டால், அங்கே உண்மையிலேயே 60,000 ரூபாய் இழப்பு இருக்கிறது. பழைய வண்டியின் தொகையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டாமவரும் மூன்றாமவரும் ஒன்றாகவே தெரிவார்கள்.

*

இனி ஒரு நியாயமான கேள்வி எழும். தந்திரம் எதுவுமில்லாத நேர்மையான முகவரும் ஏன் குறைத்தே கேட்கிறார்?

இதற்கு விடை சொன்னவர் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளியலாளர். 1970-இல் வெளியான அவரது கட்டுரையின் தலைப்பிலேயே 'எலுமிச்சை' இருக்கிறது. அமெரிக்கப் பேச்சுவழக்கில் எலுமிச்சை என்றால் கோளாறான கார். மூன்று ஆய்விதழ்கள் மறுத்த பிறகே அக்கட்டுரை அச்சேறியது. 2001-இல் அவருக்கு மேலும் இருவருடன் சேர்த்து நோபல் பரிசு கிடைக்க அதுவே அடிப்படை. வாதம் எளியது. வண்டி எப்படிப்பட்டது என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் நல்லதற்கும் கெட்டதற்கும் இடைப்பட்ட ஒரு சராசரி விலையையே சொல்வார். அவ்விலை நல்ல வண்டிக்காரருக்குக் கட்டாது. அவர் விற்காமல் விலகுவார். சந்தையில் மோசமான வண்டிகளின் விகிதம் கூடும். சராசரி இன்னும் இறங்கும்.

பொதுவாகப் பழைய கார் என்றால் வணிகரே ஏமாற்றுக்காரர் என நினைப்போம். வண்டியைக் கழிக்கும் நேரத்தில் நிலைமை தலைகீழ். அப்போது அறியாதவர் முகவர், அறிந்தவர் உரிமையாளர். கிளட்ச் நழுவுவதையும் மழைநீரில் மூழ்கியதையும் மறைத்தவர்கள் விற்றுவிட்டுப் போன வண்டிகளின் நட்டத்தை, காலம் தவறாமல் ஆயில் மாற்றியவர் சுமக்கிறார். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. முகவர் அவ்வண்டியைத் தாமே விற்கலாம், அல்லது மொத்த ஏலத்துக்கு அனுப்பலாம். பென்சில்வேனியாவின் மேன்ஹைம் ஊரில் 1945-இல் தொடங்கிய ஏலம் இன்று உலகின் மிகப்பெரிய கார் ஏல நிறுவனங்களுள் ஒன்று. முகவர் மனத்தில் ஓடுவது பெரும்பாலும் அந்த ஏல விலை. அதிலிருந்து பழுதுபார்க்கும் செலவையும், முற்றத்தில் நிற்கும் நாள்களின் வட்டியையும், தம் இலாபத்தையும் அவர் கழிக்கிறார். நாம் மனத்தில் வைத்திருப்பதோ விளம்பரங்களில் பார்த்த சில்லறை விலை. இரண்டுக்கும் இடையில் எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். அது முழுவதும் வஞ்சகம் ஆகாது.

*

1993-இல் அமெரிக்காவில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. 'புளூ புக்' முதன்முறையாகப் பொதுமக்களுக்கான பதிப்பை வெளியிட்டது. 1995-இல் இணையத்திலும் வந்தது. வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் 'கார்மேக்ஸ்' என்ற பழைய கார் கடை திறக்கப்பட்டது. எங்களிடம் கார் வாங்காவிட்டாலும் உங்கள் காரை வாங்கிக்கொள்கிறோம் என்பது அதன் முழக்கம். விலையை எழுத்திலும் கொடுத்தது. முதல் நிகழ்ச்சி முகவரின் புத்தகத்தை உரிமையாளர் கையிலும் தந்தது. இரண்டாவது, 1920களில் ஒன்றாகக் கட்டப்பட்ட இரண்டு வணிகங்களின் முடிச்சை அவிழ்த்தது. பழையதை விற்பது ஒன்று, புதியதை வாங்குவது மற்றொன்று என்று பிரித்துப் பார்க்க வழி பிறந்தது.

நம் நாட்டில் இந்த வரலாறு பிந்தித் தொடங்கியது. அம்பாசிடர், ஃபியட், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு என்ற மூன்றே பெயர்கள் இருந்த பல பத்தாண்டுகளில் புதிய காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் உடனே கிடைக்கும் பழைய வண்டி, புதிய வண்டியின் அறிவித்த விலையைவிடக் கூடுதலாகக்கூட விலைபோனது. அடிமாட்டு விலை என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. 1983 டிசம்பரில் மாருதி வந்து, தாராளமயமாக்கலும் வந்து, புதிய வண்டிகள் பெருகிய பிறகே பழையவை மலிந்தன. 2001-இல் மாருதி நிறுவனம் 'ட்ரூ வேல்யூ' என்ற பெயரில் பழைய கார் கடைகளைத் தொடங்கியது. அமெரிக்கா 1920களில் கண்டதை நாம் 2000களில் கண்டோம்.

ஆகவே, குறைந்த விலை கேட்கப்படுகிறவர் செய்யக்கூடியவை இவ்வரலாற்றிலேயே இருக்கின்றன. புதிய காரின் விலையை, பழைய காரைப் பற்றி வாய்திறக்காமல் முதலில் பேசி முடித்து எழுத்தில் வாங்குவது, 1920களின் முடிச்சைத் தம்மளவில் அவிழ்ப்பதாகும். பழைய காருக்கு வேறு இரண்டு மூன்று இடங்களில் எழுத்தில் விலை பெறுவது, தமக்கென ஒரு 'புளூ புக்' தயாரித்துக்கொள்வதாகும். சர்வீஸ் சென்டர் பில்களையும் காப்பீட்டுப் பதிவையும் அடுக்கி வைப்பது அகர்லாஃபின் வாதத்துக்கு மறுமொழி. முகவரின் அறியாமை குறைந்தால், அவர் அதற்காகக் கழிக்கும் தொகையும் குறைய வழியுண்டு. கடைசியில் பார்க்க வேண்டியது கையிலிருந்து போகும் மொத்தத் தொகையை.

இவ்வளவுக்குப் பிறகும் முகவரின் விலை வெளியாரின் விலையைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால் அதை ஏற்பதற்கும் காரணம் உண்டு. பதிவுச் சான்றில் பெயர் மாறாதவரை, விபத்து இழப்பீட்டுக்குப் பதிவான உரிமையாளரே பொறுப்பு என 2018-இல் நம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. முன்பின் தெரியாதவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பெயர் மாற்றத்துக்கு அலைவதைவிட, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற வணிகரிடம் ஒப்படைத்து, அதைப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுவது பாதுகாப்பானது. அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு. பத்தாயிரமா, ஐம்பதாயிரமா என்பதை அவரவர் தீர்மானிக்கலாம். ஆனால் எதற்காக அத்தொகையை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டும். அமெரிக்க உரிமையாளர்களுக்கு அந்தத் தெளிவு கிடைக்க 67 ஆண்டுகள் ஆயின. நமக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. துண்டை விலக்கிப் பார்க்க ஒரு நாள் போதும்.